நிலம் வகுத்தவர் ஊரார்

(காஞ்சிபுரத்தில் தமிழன்பர்களிடையே ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மொழியைப் பற்றிப் பேசும் மேடையில் நிலத்தைப் பற்றிப் பேசுவது ஏன் என்று சிலர் எண்ணக்கூடும். மொழி காற்றில் வாழ்வதன்று. அது மக்கள் வாயில் வாழ்கிறது. மக்கள் ஊரில் வாழ்கிறார்கள். ஊர் நிலத்தில் வாழ்கிறது. நிலம் கைமாறினால் ஊர் கலையும். ஊர் கலைந்தால் அவ்வூர்ச் சொற்களும் கலையும். ஆகவே நிலத்தை வகுக்கும் உரிமை யாருக்கு என்னும் வினா மொழிக்காப்பின் வினாவுமாகும்.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. தெய்வம், உணவு, மரம், பறவை, பறை, தொழில் யாவும் அவற்றின் வழிப்பட்ட கருப்பொருள் ஆயின. வாழ்க்கை நிலத்திலிருந்து முளைக்கிறது என்பது அதன் கருத்து. மலைக்கு மலைவாழ்வு, காட்டுக்கு ஆயர்வாழ்வு, வயலுக்கு உழவர்வாழ்வு, கடற்கரைக்குப் பரதவர்வாழ்வு என நிலத்தின் இயல்பறிந்து வாழ்வை அமைத்துக்கொண்டவன் தமிழன். இன்று நில வகைப்பாடு என்றும் நிலப் பயன்பாட்டுத் திட்டம் என்றும் பெருநகர அலுவலகங்களில் பேசப்படுவதன் வேர் இங்கே இருக்கிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அன்று நிலத்தின்மேல் வாழ்ந்தவனே அதை வகுத்தான். இன்று அதைக் கண்ணாற் காணாதவன் வகுக்கிறான்.

சொல்லில் இருக்கும் சான்று

தொண்டைநாட்டு ஊர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நன்செய், புன்செய், தோப்பு, கரம்பு, நத்தம், மந்தை, களம், மேய்ச்சல் வெளி, சுடுகாடு, ஏரி, தாங்கல், குட்டை, குளம், வாய்க்கால், வண்டிப்பாதை என ஊரின் ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் உண்டு; ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பயன் உண்டு. களத்தில் வீடு கட்ட ஊரார் ஒப்பமாட்டார்கள். மந்தையில் உழ ஒப்பமாட்டார்கள். நீர் வரும் வழியில் வரப்பெடுக்க ஒப்பமாட்டார்கள். இந்தச் சொற்பட்டியே அவ்வூரின் நிலத்திட்டம். எழுதப்படாத சட்டமாக இருந்தாலும் எல்லார்க்கும் தெரிந்த சட்டம்.

ஏரியின் உறுப்புகளையும் பாருங்கள். கரை, மதகு, கலங்கல், மடை, தூம்பு, உள்வாய், நீர்ப்பிடி, ஆயக்கட்டு. நீரைத் திறந்து அளந்து விடுபவனை நீர்க்கட்டி என்றும் நீராணிக்கன் என்றும் மடையன் என்றும் ஊருக்கு ஊர் ஒரு பெயரிட்டு அழைத்தனர். மடையைத் திறந்து நூறு குடும்பங்களுக்குச் சோறூட்டியவனின் தொழிற்பெயர் இன்று வசைச்சொல்லாகவே செவியில் விழுகிறது.

அதைவிடக் கொடிய வீழ்ச்சி அடைந்த சொல் ஒன்று உண்டு. அது புறம்போக்கு. வரிக்கணக்குக்குப் புறமாகப் போக்கப்பட்ட நிலம் என்பதே அதன் நேர்ப்பொருள். ஏன் வரிக்குப் புறமாக வைத்தனர்? அது தனியொருவனுக்கு விளைவு தரும் நிலம் அன்று. ஊர் முழுமைக்கும் பயன்படும் நிலம். ஏரியும், மேய்ச்சல் வெளியும், களமும், சுடுகாடும் வரியில்லா நிலங்களாக நின்றது அதனாலேதான். ஊரின் உயிர்நிலை அது. ஆங்கிலேயர் ஆட்சியில் அதே சொல்லுக்கு அரசுக்கு உரிய நிலம் என்னும் பொருள் ஏறியது. பிறகு யாருக்கும் உரிமையில்லா நிலம் என்றாயிற்று. அடுத்துப் பயனற்ற நிலம் என்றாயிற்று. இறுதியில் ஆளையே திட்டும் சொல்லாயிற்று. பொதுநிலம் பறிபோன வரலாறு முழுவதும் இந்த ஒரு சொல்லின் பொருள் மாற்றத்தில் அடங்கியிருக்கிறது.

உத்திரமேரூர் காட்டும் ஒழுங்கு

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிக் கேள்விப்படாத தமிழர் இலர். முதற் பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும், அவ்வூர் அவை வகுத்த தேர்தல் நெறிகள் கோயிற் சுவரில் வெட்டப்பட்டுள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. குடும்பு ஒன்றுக்கு ஒருவராக ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். பொறுப்பு 360 நாள் மட்டுமே. 35 ஆண்டுக்குக் குறைந்தவரும் 70 ஆண்டைக் கடந்தவரும் தகார். முந்திய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் தகார். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் தகார். அவர்தம் நெருங்கிய உறவினரும் தகார். இவையெல்லாம் மேடைதோறும் சொல்லப்படுகின்றன.

அவ்வளவாகச் சொல்லப்படாத ஒன்றை இங்குச் சொல்ல வேண்டும். அந்தக் குடவோலை எதற்காக? எந்தப் பணிக்கு அவ்வளவு காவல்? தேர்ந்தெடுக்கப்பட்ட முப்பதின்மரில் கற்றோரும் மூத்தோருமாய், முன்னரே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்து பழகியவருமாய் உள்ள 12 பேர் ஆட்டை வாரியம் ஆவர். 12 பேர் தோட்ட வாரியம். எஞ்சிய 6 பேர் ஏரி வாரியம். நீரையும் தோட்டத்தையும் ஆண்டு பழகியவனே ஊரை ஆளத் தகுந்தவன் என்பது அந்த அமைப்பின் உட்கிடை. தேர்தல் நெறி என்று நாம் பெருமை பேசுவது, நீரையும் நிலத்தையும் பொறுப்புள்ள கைகளில் ஒப்படைப்பதற்காக வகுத்த நெறி.

அவ்வூர்க் கல்வெட்டுகளில் ஒரு நிலத்துண்டைக் குறிக்கும் முறையும் எண்ணத்தக்கது. இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாவது கண்ணாறு, இத்தனையாவது சதுக்கம் என்று எழுதினர். வதி என்பது ஊடறுத்துச் செல்லும் வழி. வாய்க்கால் அதற்குக் குறுக்காகச் செல்வது. அவற்றினின்று பிரியும் சிறுகால் கண்ணாறு. அவற்றுக்கிடையே அமைந்த கட்டம் சதுக்கம். வயல்வெளி முழுவதும் நீர்வழியைக் கொண்டே கட்டங்கட்டமாக எண்ணிடப்பட்டிருந்தது. நிலத்தின் முகவரியே நீர்தான். நீர்வழியை மறைத்தால் நிலத்தின் முகவரி அழிந்துவிடும். ஆயிரம் ஆண்டுக்கு முன்னர் இப்படிக் கணக்கு வைத்த நாட்டில், வாய்க்கால் எது தெரு எது என்று தெரியாமல் மனை விற்கும் காலம் வந்திருக்கிறது.

ஏரியைக் காக்கப் பொருள் எங்கிருந்து வந்தது? தூரெடுப்பதற்கென்று பொன்னும் நெல்லும் அறமாக வைத்தனர். அவை அதனைப் பெற்று, ஆண்டுதோறும் வட்டியிலிருந்து ஏரியை ஆழப்படுத்தியது. காஞ்சிக்கு அண்மையிலுள்ள உக்கல் ஊர்க் கல்வெட்டுகள் இதற்குச் சான்று. ஏரிப்பட்டி என்று வரி நீக்கிய நிலமும் விடப்பட்டது. கோயிலுக்கு விளக்கெரிப்பது போன்றே ஏரியில் மண்ணெடுப்பதும் அறம் எனக் கருதப்பட்டது. பண்பாடு என்பது இதுவே. நிலத்தின் காவல் அறத்தின் பட்டியலில் இடம்பெற்றிருந்தது.

ஆயினும் உண்மையை மறைக்கலாகாது. உத்திரமேரூர் அவை பார்ப்பனருக்கு அளிக்கப்பட்ட ஊரின் அவை. வரிசெலுத்தும் கால்வேலி நிலமும் தன் மனையில் வீடும் உடையவனுக்கே அங்கே இடம். உழுதவனுக்கு இடமில்லை. பெண்ணுக்கு இடமில்லை. வேளாண் ஊர்களில் ஊரார் என்னும் அவை இருந்தது. அவற்றின் மேல் நாட்டார் என்னும் அவை இருந்தது. தொண்டை மண்டலம் 24 கோட்டம், 79 நாடு என்று வகுத்துச் சொல்வது பழைய வழக்கு. அவற்றிலும் சேரி மக்கள் அவையில் அமரவில்லை. முன்னோர் அறிவைப் போற்றுவோம். அவர்கள் இழைத்த விலக்கைப் போற்றமாட்டோம். இந்த வரம்பை மனத்தில் நிறுத்தியே மேலே செல்ல வேண்டும்.

தறிக்காகத் தெரு

உழவர் மட்டுமா நிலம் வகுத்தனர்? இந்நகரின் நெசவாளர் தெருக்களைப் பாருங்கள். காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவு விரிக்கப்படும். மூன்று சேலைக்கான இழைகளை நீட்டி இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்த இழையை முடிந்து, வெயில் ஏறுமுன் சுருட்டி எடுக்க வேண்டும். அதற்கு நேரான, அகன்ற, நிழல் விழும் தெரு வேண்டும். வீட்டினுள்ளே தறிக்குழி தோண்டத் தாழ்வான நிலம் ஆகாது, நீர் ஊறும். தறியில் ஒளி விழ வேண்டும். ஆகவே நெசவாளன் தெருவும் வீடும் தறியின் அளவால் அமைந்தவை. எந்த நகரமைப்பு அலுவலரும் அதை வரைந்து தரவில்லை. தொழில் வரைந்தது, தெருவார் காத்தனர். பாவு விரித்திருக்கும் வேளையில் வண்டி திரும்பிச் செல்லும் என்பது தெருவின் எழுதாச் சட்டம்.

இதற்கும் பழஞ்சான்று உண்டு. உத்தம சோழனின் செப்பேடு ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளது. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. கச்சிப்பேட்டு ஊரகத்துத் திருக்கோயிலின் பொருள்களைக் கண்காணிக்கும் பொறுப்பைக் கருவுளான்பாடி, அதிமானப்பாடி, எற்றுவழிச்சேரி முதலிய நான்கு குடியிருப்புகளில் வாழ்ந்த நெசவாளரிடம் ஒப்படைத்ததாக அது கூறுகிறது. தறிநெய்வோர் தத்தம் பாடியாகவும் சேரியாகவும் கூடி வாழ்ந்தனர், அக்குடியிருப்புகளை அரசு ஓர் உறுப்பாக ஏற்றது, பொறுப்புக் கொடுத்தது. இன்றோ ஊர்திகள் நெருக்கும் தெருவில் பாவு விரிக்க இடமில்லை. தொழில் நலிவுக்குக் கூலி ஒரு காரணம், விசைத்தறி ஒரு காரணம், பட்டின் விலை ஒரு காரணம் என்பர். தெருவை இழந்ததும் ஒரு காரணம் என்பதை எவரும் எழுதுவதில்லை.

வேடந்தாங்கல் ஊராரின் வெற்றி

ஊரார் நிலம் வகுப்பது பழங்கதையன்று என்பதற்கு வேடந்தாங்கலே சான்று. முன்பு காஞ்சிபுரம் மாவட்டத்திலும் 2019 முதல் செங்கற்பட்டு மாவட்டத்திலும் உள்ள சிற்றூர் அது. அதன் ஏரியில் நீர்க்கடம்பு மரங்கள் நிற்கின்றன. மழைக்காலந்தோறும் நாரைகளும் கூழைக்கடாக்களும் அரிவாள்மூக்கன்களும் நீர்க்காகங்களும் வந்து கூடுகட்டும். அவற்றின் எச்சம் நீரில் கலக்கிறது. அந்நீர் வயலுக்குப் பாய்கிறது. எருவிடாமலே பயிர் செழிக்கிறது. எந்த ஆய்வுக்கூடமும் சொல்லாமலே ஊரார் இதை அறிந்திருந்தனர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலப் படைவீரர் அங்கே வந்து பறவைகளைச் சுட்டனர். ஊரார் வாளாவிருக்கவில்லை. செங்கற்பட்டு ஆட்சித்தலைவராயிருந்த இலயனல் பிளேசு என்பவரிடம் சென்று முறையிட்டனர். பறவைகளைக் காக்கும் உரிமை தங்களுடையது என எழுத்துச் சான்றும் பெற்றனர். அந்தக் காலத்தில் அதைக் கவுல் என்றனர். 1858-இல் அதைப் புதுப்பிக்கச் செய்தனர். 1936-இல் அது காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் உலக ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. உலகம் பெயர் சூட்டுவதற்கு இருநூறு ஆண்டுக்கு முன்பே ஊரார் காவலைத் தொடங்கிவிட்டனர்.

பறவைகள் அஞ்சும் என்று விழா நாளிலும் அங்கே வெடி வெடிப்பதில்லை. இதற்குக் காவலர் தேவைப்படவில்லை. 2020-இல் காப்பிட எல்லையின் ஐந்து கல்தொலை (கிலோமீட்டர்) சுற்றளவை மூன்றாகக் குறைக்கும் திட்டம் எழுந்தபோது எதிர்ப்பு வலுத்தது, திட்டம் கைவிடப்பட்டது. நிலத்தின் பயனை அறிந்தவன், அதனோடு ஓர் உறவு கொண்டவன், அதைக் காக்கும் உரிமையும் பெற்றவன் ஆகிய மூவரும் ஒருவனாக இருந்தால் நிலம் அழியாது. வேடந்தாங்கல் இதை மெய்ப்பித்திருக்கிறது.

உரிமை போன வழி

பின் எவ்வாறு உரிமை போயிற்று? தொண்டைநாட்டு ஊர்களில் காணியாட்சி என்னும் முறை நிலவியது. ஊர்நிலம் பங்குகளாகக் கணக்கிடப்பட்டது. நிலையாகப் பிரித்துக்கொண்ட ஊரை அறுதிக்கரை என்றனர். பொதுவில் வைத்துக் குறிப்பிட்ட காலத்துக்கொருமுறை மாற்றிப் பங்கிட்டுக்கொண்ட ஊரைப் பசுங்கரை என்றனர். நல்ல நிலமும் நலிந்த நிலமும் ஒருவனுக்கே நிலைத்துவிடாதபடி சுழன்று வரும் முறை அது.

இதை ஆராய்ந்து எழுதியவர் சென்னை ஆட்சித்தலைவராயிருந்த எல்லீசர். 1816-இல் தமிழும் அதன் உடன்மொழிகளும் வடமொழியினின்று பிறவாத தனிக்குடும்பம் என்பதை நிறுவிக் காட்டியவரும் அவரே. தமிழின் தனித்தன்மையை அறிந்தவர் கண்ணுக்கே தமிழூரின் நிலவுரிமையும் தென்பட்டது என்பது எண்ணத்தக்கது. அவர் எழுதிச் சரியாக நூறாண்டு கழித்து, 1916-இல், மறைமலையடிகளார் தனித்தமிழ்க் கொடியை உயர்த்தினார்.

ஆனால் கும்பணியின் கணக்குக்கு ஊர் என்னும் பொதுவுடல் ஒத்துவரவில்லை. தனித்தனி உழவனோடு தனித்தனி வரி என்னும் முறை புகுத்தப்பட்டது. வரி செலுத்தும் நிலம் தனியாருக்கு. செலுத்தாத நிலம் அரசுக்கு. இடையில் ஊருக்கு என்று எதுவும் எஞ்சவில்லை. ஊரார் தாமே கூடிச் செய்துவந்த குடிமராமத்தையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. 1858-ஆம் ஆண்டின் முதலாம் சட்டம், கரை உடையும் வேளையில் குடிகளைக் கட்டாயமாக வேலைக்கு இழுக்க வழிசெய்தது. உரிமையோடு செய்த பணி உரிமை பறித்தபின் கட்டாய உழைப்பாயிற்று. ஏரி என்னுடையது என்று எண்ணியவன் மண்வெட்டி எடுத்தான். ஏரி அரசுடையது என்று அறிந்தபின் மண்வெட்டியை ஏன் எடுப்பான்? தமிழகத்தின் ஏறத்தாழ 39,000 ஏரிகள் தூர்ந்த கதையின் முதல் ஏடு இது.

விடுதலைக்குப் பின்னும் நிலை மாறவில்லை. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி நிலத்திட்டம் அலுவலகத்தில் வரையப்படுகிறது. வரைந்து முடித்தபின் மறுப்புச் சொல்ல ஊராருக்குச் சில நாள் தவணை. வரையும்போது அழைக்காமல், வரைந்தபின் மறுக்கச் சொல்வது என்ன முறை? 2015 திசம்பரில் முடிச்சூரும் வரதராசபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின. ஏரியின் உள்வாயிலும் ஆற்றின் கரையிலும் மனை வகுத்தால் வெள்ளம் வரும் என்பதை மடை திறந்த நீர்க்கட்டி எவரும் சொல்லியிருப்பர். அவரை எவரும் கேட்கவில்லை.

சேரிக்கு உரிய பங்கு

இங்கே நம்மவர் நெஞ்சைத் தொட்டு எண்ண வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஊரார் உரிமை என்று பேசும்போது, ஊர் என்றால் எது? ஊருக்குப் புறத்தே சேரி என்று தள்ளி வைக்கப்பட்டவர் ஊரார் இல்லையா? ஏரிக்கரை உயர மண் சுமந்தவர், நெல் அறுத்தவர், ஊர் எல்லையை அடியடியாக அறிந்திருந்தவர் அவர்களே. நில எல்லை வழக்கில் அவர்கள் சொல்லே சான்றாக நின்றது. எல்லையறிந்தவனுக்கு எல்லைக்குள் ஒரு காணி நிலமும் இல்லை.

1891-இல் செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த திரெமன்கீர் இம்மக்களின் நிலையை விரிவாக ஆராய்ந்து அறிக்கை அளித்தார். அதன் விளைவாக 1892-இல் ஒடுக்கப்பட்டோர்க்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பத்தாண்டு வரை அந்நிலத்தை விற்கக் கூடாது. அதன்பின் விற்பதாயினும் ஒடுக்கப்பட்டோர்க்கே விற்கலாம் என்பது அதன் நெறி. ஐந்தாமவர் என்னும் பொருளுடைய வடசொல்லாலே அதற்குப் பஞ்சமி நிலம் என்று பெயரிட்டு, கொடுத்ததிலும் இழிவை ஒட்டிவைத்தனர். ஏறத்தாழ 12 இலக்கம் ஏக்கர் என்று சொல்லப்படும் அந்நிலத்தின் பெரும்பகுதி இன்று பிறர் கையில். 1994 அக்தோபரில் செங்கற்பட்டுப் பகுதியில் கரணை நிலத்தை மீட்கப் புறப்பட்ட போராட்டத்தில் காவலர் துமுக்கிச் சூட்டில் இருவர் உயிர் நீத்தனர்.

அந்நிலத்தை வளைத்தவர் அயலவர் மட்டுமல்லர். தமிழ் பேசுவோரும் வளைத்தனர். ஏரிப் பாம்பையும் எலிவளையையும் மூலிகையையும் அறிந்த இருளர் குடும்பங்கள் பல இன்றும் ஏரிக்கரையில் மனைப்பட்டா இன்றிக் குடிசையில் வாழ்கின்றன. தமிழ்நிலத்தின் பழங்குடிக்குத் தமிழ்நிலத்தில் இடமில்லை என்றால், தமிழர் நிலவுரிமை பற்றி வாய்திறக்க நமக்கு என்ன தகுதி? ஊரவையில் முதலிருக்கை சேரிக்கும் இருளருக்கும் பெண்டிருக்கும் கொடுக்கப்படவேண்டும். அதன்பிறகே ஊரார் உரிமை என்னும் சொல் தூய்மை பெறும். சொல்லில் அயற்கலப்பை நீக்குவது ஒரு தூய்மை. நெஞ்சில் சாதிக் கலப்பை நீக்குவது அதனினும் பெரிய தூய்மை.

பரந்தூர் கேட்கும் வினா

இப்போது அண்மை நிகழ்வுக்கு வருவோம். 2022 ஆகத்தில், சென்னைக்கு இரண்டாவது வானூர்தி நிலையம் காஞ்சிபுரம் மாவட்டப் பரந்தூரில் அமையும் என அறிவிக்கப்பட்டது. ஏகனாபுரம், நெல்வாய், நாகப்பட்டு, தண்டலம், மகாதேவிமங்கலம் உள்ளிட்ட 13 ஊர்களின் நிலம் அதற்குக் குறிக்கப்பட்டது. ஐயாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பு. அதில் நன்செய் உண்டு, ஏரி உண்டு, தாங்கல் உண்டு, திருப்பெரும்பூதூர் ஏரி நோக்கிச் செல்லும் கம்பன் கால்வாய் உண்டு. ஏகனாபுரம் மக்கள் அன்றுமுதல் போராடி வருகிறார்கள். ஊரவை கூடியபோதெல்லாம் நிலம் தரோம் என்று முடிவெடுத்தார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ஊரே வாக்களிக்காமல் விலகி நின்றது. 2025-இல் நடுவணரசு கொள்கையளவில் ஒப்புதல் அளித்தது. நிலப் பதிவும் தொடங்கியது.

வானூர்தி நிலையம் வேண்டுமா வேண்டாவா என்பது ஒரு வினா. தலைநகரம் வளர்கிறது, வேலை பெருகும், வணிகம் பெருகும் என்று சொல்வோர் உளர். அவர்கள் சொல்வதைக் கேட்க மறுக்க வேண்டுவதில்லை. அதற்கு முந்திய வினா ஒன்று உண்டு. ஊரவை முடிவுக்கு மதிப்பு உண்டா இல்லையா? சனவரி 26, மே 1, ஆகத்து 15, அக்தோபர் 2 ஆகிய நாள்களில் ஊரவை கூடவேண்டும்; 2022 முதல் மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் கூடவேண்டும். மார்ச்சு 22 உலகத் தண்ணீர் நாள். தண்ணீர் நாளில் ஊரைக் கூட்டுவோம். ஆனால் அவ்வூர் ஏரியைப் பற்றி அவ்வூர் எடுத்த முடிவைக் கேளோம் என்றால் அந்த நாள் எதற்கு?

சட்டங்களைப் பாருங்கள். 1894-ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் சட்டம் நீங்கி 2013-இல் புதிய நிலமெடுப்புச் சட்டம் வந்தது. தனியார் திட்டங்களுக்கும் தனியாரும் அரசும் கூடிய திட்டங்களுக்கும் மக்கள் ஒப்புதல் வேண்டும் என்றது. குமுகத் தாக்க ஆய்வு வேண்டும் என்றது. தமிழக அரசோ 1997-ஆம் ஆண்டின் தொழில் நோக்க நிலமெடுப்புச் சட்டத்தைத் தனியே நிறுத்திக்கொண்டது. 2023-இல் சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டமும் நிறைவேறியது. 100 எக்டேருக்குக் குறையாத திட்டத்தின் நடுவே நீர்நிலை இருந்தால் அதையும் உள்ளடக்க அது வழி தருகிறது. ஏரியைப் புறமாக வைத்த முன்னோர் எங்கே? ஏரியை உள்ளே விழுங்க வழிசெய்யும் சட்டம் எங்கே?

ஊரவைச் சொல்லை உலகம் மதித்ததும் உண்டு. ஒடிசாவின் நியமகிரி மலையில் கனிமம் தோண்ட முயன்றபோது, அம்மலையைத் தெய்வமாகப் போற்றும் தொங்கிரியக் கொந்தர் எதிர்த்தனர். 2006-ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டப்படி ஊரவைகளே முடிவு செய்யட்டும் என்று 2013-இல் உச்ச அறமன்றம் தீர்ப்பளித்தது. 12 ஊரவைகள் கூடின. பன்னிரண்டும் மறுத்தன. மலை நின்றது. காட்டில் வாழ்வோர்க்கு உள்ள அவ்வுரிமை வயலில் வாழ்வோர்க்கு ஏன் இல்லை? மலைத்தெய்வம் பண்பாடு என்றால், ஏரிக்கரை அம்மன் பண்பாடில்லையா? எல்லை காக்கும் ஐயனார் பண்பாடில்லையா? ஊரின் எல்லைத்தெய்வம் ஊரின் நிலவரைபடத்தில் நடப்பட்ட கல். அதைப் பெயர்த்து வேறிடத்தில் கோயில் கட்டித்தருவோம் என்பவர், எல்லை என்னும் சொல்லின் பொருளே அறியாதவர்.

செய்யத்தக்கவை

அன்பர்களே! புலம்புவதற்காக நாம் கூடவில்லை. தமிழ்மன்றம் ஒவ்வொன்றும் செய்யக்கூடிய பணிகள் உள.

முதலாவது, ஊர்ச்சொல் தொகுத்தல். உங்கள் ஊரின் ஏரி, தாங்கல், மதகு, கலங்கல், வாய்க்கால், வயல், மேடு, தோப்பு ஒவ்வொன்றின் பெயரையும் முதியோரிடம், சிறப்பாகச் சேரி முதியோரிடமும் மூதாட்டியரிடமும் கேட்டு எழுதுங்கள். புல எண் மட்டுமே அலுவலகத்தில் இருக்கிறது. பெயர் ஊரார் வாயில் இருக்கிறது. எண்ணை மாற்றி எழுதிவிடலாம். ஊரறிந்த பெயரை மாற்றி எழுத இயலாது.

இரண்டாவது, அதை ஊரவையில் வைத்துப் பதிவு செய்தல். இன்ன நிலம் இன்ன பயனுக்கு என ஊரே வகுத்து, முடிவேட்டில் ஏற்றிப் படி வாங்கிக்கொள்ளுங்கள். வேடந்தாங்கல் ஊரார் கையில் இருந்தது ஓர் எழுத்துச் சான்று. அது இருநூறு ஆண்டு காத்தது.

மூன்றாவது, பஞ்சமி நிலம் எங்கெங்கு உள்ளது எனப் பழைய பதிவேட்டிலிருந்து எடுத்து, உரியவர் கைக்கு அது திரும்ப உடன் நிற்றல். இதைச் செய்யாத தமிழ்மன்றம் முதலிரண்டையும் செய்யத் தகுதியற்றது.

நான்காவது, எல்லா நில ஆவணங்களும் திட்ட அறிக்கைகளும் எளிய தமிழில் ஊராருக்கு முன்னரே வழங்கப்படவேண்டும் எனக் கேட்டல். தன் வயலைப் பற்றிய அறிக்கையைத் தன் மொழியில் படிக்க முடியாதவன் எவ்வாறு மறுப்புச் சொல்வான்? ஆட்சிமொழி தமிழ் என்பதன் முதற்பயன் இங்கே விளையவேண்டும்.

உத்திரமேரூர்ச் சுவர் கணக்குக் காட்டாதவனை அவையிலிருந்து விலக்கியது. இன்று ஏரியைத் தூர்த்தவனிடமும், தெருவை வளைத்தவனிடமும், சேரி நிலத்தைப் பறித்தவனிடமும் கணக்குக் கேட்க ஊர் எழவேண்டும். அந்த ஊர் எல்லாரையும் உள்ளடக்கிய ஊராக இருக்கவேண்டும். அப்போது நிலமும் நிற்கும். நிலத்தோடு மொழியும் நிற்கும்.

வாழ்க தமிழ்! வெல்க ஊர் உரிமை!